இறங்கத் தெரிந்த கால்கள்

மலை ஏறும்போது பேசலாம், இறங்கும்போது பேசக் கூடாது. எண்பதுகளின் நடுவில் கல்வராயன் மலைக்குக் கிராம சுகாதார செவிலியராகப் போன எனக்கு முதலில் கிடைத்த புத்திமதி இதுதான். சொன்னது டாக்டர் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. புளியும் கடுக்காயும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கீழே சந்தைக்கு இறங்கும் ஓர் ஆயா. வயது கேட்டால் தெரியாது. மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆன கணக்கைச் சொல்லி, "நீயே போட்டுப் பாத்துக்கோ நர்சம்மா" என்பார். நான் போட்ட கணக்கில் அறுபதைத் தாண்டியிருந்தார்.

அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். நான் ஓய்வு பெற்றபோது விழுப்புரம். இன்றைக்குப் பென்ஷன் வாங்குவது 2019-ல் பிரிந்த கள்ளக்குறிச்சியில். மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அங்கே பெரும்பாலும். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் தாண்டி வெள்ளிமலை வரை போய்விடலாம். அதற்கப்புறம் என்னுடைய பொறுப்பில் இருந்த சிற்றூர்களுக்கெல்லாம் கால்தான் வண்டி.

1985-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியிருந்தது. தோளில் தடுப்பூசிப் பெட்டி, அதற்குள் ஐஸ் கட்டிகள், கையில் பதிவேட்டுப் பை. ஏறும்போது ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரம். இறங்கும்போது கடைசி பஸ் போய்விடுமே என்ற அவசரம். நான் அவசரமாகவும் பேசிக்கொண்டும் இறங்குகிற ஆள். ஊர்க்கதை, குழந்தைகள் கதை, யாருக்கு எத்தனையாவது பிரசவம் என்று வாய் ஓயாது. ஆயா ஒரு நாள் நின்றுவிட்டார். தலைமூட்டையோடு மெல்லத் திரும்பி, "பேசிகினு எறங்காத. ஏத்தம் மூச்சைக் கேக்கும், எறக்கம் புத்தியைக் கேக்கும்" என்றார். பிறகு கீழே தார்ச்சாலை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அவர் பின்னால் நடக்கும்போது அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேராக இறங்க மாட்டார். உடம்பைக் கொஞ்சம் ஒருக்களித்து, பாதையைக் குறுக்கே வெட்டி வெட்டி இறங்குவார். முன்னால் வைக்கும் காலை அப்படியே ஊன்றிவிட மாட்டார். விரல்கள் முதலில் மண்ணைத் தொடும். கல் அசைகிறதா, சருகு வழுக்குகிறதா என்று ஒரு நொடி பார்க்கும். அதுவரை முழுப் பாரமும் பின்னங்காலில். அந்தக் கால் முட்டி மடங்கி மடங்கி உடம்பைக் கீழே இறக்கும், கிணற்றுக்குள் குடத்தை விடுகிற கை மாதிரி. முன்னங்கால் உறுதியாக நின்றது என்று தெரிந்த பிறகே குதிகால் பதியும். தலையில் மூட்டை அசையாது. கழுத்து நேர். கண் மட்டும் நாலடி முன்னால் உள்ள மண்ணில்.

முதல் வாரங்களில் எனக்குத் தொடை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. ஏறிய அன்று இல்லை, இறங்கிய மறுநாள். அதன் காரணம் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நீளவும் வேண்டும், விட்டுவிடவும் கூடாது. மூச்சு வாங்காததால் இது சுலபமான வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். தசை அப்படி நினைப்பதில்லை.

தைவானில் செய்து 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை மகள் காட்டினாள். உடல் பருத்த மூதாட்டிகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு மாடிப்படி ஏறி லிஃப்டில் இறங்க வேண்டும். இன்னொரு குழு லிஃப்டில் ஏறிப் படியில் இறங்க வேண்டும். 12 வாரம் கழித்துப் பார்த்தால், எல்லோரும் சோம்பேறிக் குழு என்று நினைக்கக்கூடிய அந்த இரண்டாவது குழுவுக்குத்தான் கால் வலுவும், உடம்பு தள்ளாடாத நிதானமும், எலும்பு அடர்த்தியும் கூடுதலாக முன்னேறியிருந்தன. இரத்த அழுத்தத்திலும் அவர்களே முன்னால். படித்ததும் எனக்கு ஆயாவின் முட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

அவருடைய பேசாமைக்கும் ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில், நடந்துகொண்டிருப்பவர்களிடம் கூட வருபவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்களாம். சிலர் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். சிலர் பதில் சொல்வதற்காக நின்றார்கள். அப்படி நின்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் எங்கேயாவது விழுந்தார்கள். 1997-ல் லான்செட் பத்திரிகையில் வந்த செய்தி இது. வயதான பிறகு நடை தானாக நடக்கிற காரியம் இல்லை, அதற்கு மூளையின் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கண்டது. செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் என் வயதுக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

எலும்பைப் பற்றி எனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். சுண்ணாம்புச் சத்து, பால், முட்டை, கீரை, அவ்வளவே. எலும்பு என்பது சுவரில் பதித்த கல் மாதிரி கிடக்கிற பொருள் என்றே மனதில் இருந்தது. அது ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படுகிற உயிர்ப்பொருள். கரைக்க ஒருவகை உயிரணு, கட்ட ஒருவகை. எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று சொல்வது பாரம். 1892-ல் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். பாரம் விழுகிற திசையில் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும், பாரம் இல்லாவிட்டால் மெலியும். விண்வெளியில் எடையே இல்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பு, தொடை எலும்புகளில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோகிறது. நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கே அந்தக் கதி. முப்பது வயதுக்குள் சேர்த்ததுதான் இருப்பு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் அது வேகமாகக் கரைகிறது. எடுப்பது உடம்பின் வேலை, போடுவது நம் வேலை என்றாகிவிடுகிறது.

இதையெல்லாம் சொன்னால் உடனே, மலை மக்கள் கேழ்வரகுக் களி தின்று நூறு வயது வாழ்ந்தார்கள் என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பதும், தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம் என்பதும் உண்மை. அவர்கள் சாமையும் கேழ்வரகும் தின்றதும் உண்மை. ஆனால் நான் எடை போட்ட பெண்களில் இரத்தம் இல்லாமல் வெளுத்துப்போனவர்கள் எத்தனை பேர்! நாற்பது வயதுக்குள் வரிசையாகப் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, தலையில் விறகும் தண்ணீரும் சுமந்து, ஐம்பதில் கூன் விழுந்தவர்களையும் அதே பாதையில்தான் பார்த்தேன். பாரம் எலும்பைக் கட்டும். சோறு இல்லாத உடம்பில் அதே பாரம் எலும்பை உடைக்கவும் செய்யும். ஆயா தேறியவர். தேறாதவர்கள் சந்தைப் பாதைக்கு வரவில்லை, அதனால் கீழே இருக்கிற நமக்கு அவர்களைத் தெரியாது.

ரோடு வந்ததால் நடை போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பிரசவ வலி எடுத்தவளைக் கம்பில் கட்டிய துணித் தூளியில் வைத்து நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கூடவே நானும் ஓடியிருக்கிறேன். பாதி வழியில் பாறை ஓரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தொப்புள்கொடி கட்டியிருக்கிறேன். அந்த ரோடு இன்னும் பத்து வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இன்று ஆயாவின் மகள் வயதுப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் இறங்குகிறார்கள். சரிவுகளில் மரவள்ளி, வீட்டில் ரேஷன் அரிசி, மருந்துப் பெட்டியில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. கீழ்நாட்டில் நமக்கு வந்த அத்தனையும் கொஞ்சம் தாமதமாக மேலேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. நடையைத் திரும்ப அவர்கள் தலையில் கட்ட முடியாது. வேண்டுமானால் நடையில் இருந்த விஷயத்தை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்கலாம்.

அதை எப்படி எடுப்பது என்று எனக்குக் காட்டியது மலை இல்லை, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு நடையில் கிடக்கும் மர பெஞ்சு.

என் மாமியார் எண்பத்தைந்தைத் தாண்டியவர். ஒரு மழைநாளில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவராவது போய்விடுகிறார்கள் என்று பல நாடுகளின் கணக்கு சொல்கிறது. முறிவு கொல்வதில்லை. படுக்கை கொல்கிறது. படுத்த உடம்பில் சளி கட்டும், புண் வரும், இரத்தம் உறையும், மனம் விட்டுப்போகும். நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்ததால் தூக்கமும் வரவில்லை. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவரைப் படுக்கவைத்தே பார்த்துக்கொள்வது மரியாதை என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். "வயசானவங்கள ஏம்மா நிக்க வச்சுப் படுத்தற?" என்று நாத்தனார் என்னிடம் நேரடியாகவே கேட்டார்.

அப்போது மக்களைத் தேடி மருத்துவம் வந்திருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளரும் அதில் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோ தம்பிக்கு என் கடைசி மகன் வயதுகூட இருக்காது. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தான். வாக்கர் பிடித்து நிற்கவைத்தான். சில வாரங்களில் நடையில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழ வைத்தான். எழுவதைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. உட்காருவதில்தான் அவன் கண்.

"பாட்டி, பொத்துனு உக்காராதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணிக்கிட்டே மெதுவா எறங்குங்க. அஞ்சு வரும்போதுதான் பெஞ்சு படணும்."

அத்தைக்கு எண்ணுவது அலுப்பாக இருந்தது. அவருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் பேரில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே இறங்குவார். இரண்டாவது பிள்ளை பேர் வருவதற்குள் தொடை நடுங்கும், கடைசி மூன்று பேரையும் மூட்டையாக உருட்டிவிட்டுப் பெஞ்சில் விழுவார். "சின்னவனுக்குப் பங்கு குடுக்கலியே பாட்டி" என்று பிசியோ திரும்ப எழுப்புவான். என் கொழுந்தனார், அதாவது அந்தச் சின்னவர், அருகில் நின்று சிரிப்பார். ஒரு நாள் ஐந்து பேரும் தனித்தனியாக வந்தார்கள், கடைக்குட்டி பேரைச் சொல்லி முடித்த பிறகே பெஞ்சு பட்டது. பெஞ்சைப் பார்க்காமல், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல், உதடு மட்டும் அசைய அவர் முட்டி மடங்கி இறங்கியதைப் பார்த்தபோது, கல்வராயன் சரிவில் பார்த்த அதே வேலை எங்கள் வீட்டு நடையிலும் நடப்பது புரிந்தது. மலையும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். உடம்பின் எடையே மூட்டை, பெஞ்சின் உயரமே சரிவு.

அத்தைக்காகச் செய்தது போக, எனக்காக நான் போய்ச் சேர்ந்தது மனவளக்கலை வகுப்பில். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியைத் தமிழ்நாட்டில் சொல்லித்தராத ஊர் குறைவு. 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை உருவாக்கினார், 2006-ல் மறைந்தார். அவர் தத்துவத்தில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு, அது வேறு கதை. ஆனால் உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு கரிசனம் இருந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவன், குடும்பத்தைப் பார்க்கிறவள், வயதானவர் என்று யாரும் செய்யக்கூடியதாக, வியர்க்க விறுவிறுக்க இல்லாமல் அமைத்தார். கைப்பயிற்சி, கால் பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குப்பிரஷர், கடைசியில் உடலைத் தளர்த்திப் படுத்தல். வெறும் கையைச் சுற்றுவதில்கூட மூச்சை எப்போது இழுக்க, எப்போது விட என்று கணக்கு இருக்கிறது. மனம் வேறெங்கும் போனால் கை தப்பும்.

விடியற்காலையில் "வாழ்க வளமுடன்" என்று கும்பிட்டு உள்ளே நுழைந்தால் எங்கள் ஊரின் ஒரு தலைமுறையே பாய் விரித்திருக்கும். ஓய்வு பெற்ற கண்டக்டர், அரிசி ஆலைக்காரர், சர்க்கரை ஆலையில் கரும்பு எடை பார்த்தவர், இரண்டு மூன்று வாத்தியார்கள், என்னைப்போல் முட்டிக்குப் பயந்த பெண்கள். எனக்குத் தூக்கம் வந்தது. பூட்டிக்கிடந்த தோள் திறந்தது. காலையில் எழுந்ததும் விறைத்துக்கொள்ளும் விரல்கள் மடங்கின. இவ்வளவும் நன்மைதான், ஒன்றையும் குறைக்கமாட்டேன்.

ஆனால் எலும்புக்கு? அந்தப் பயிற்சிகளில் கணிசமானவை உட்கார்ந்தும் படுத்தும் செய்பவை. எலும்புக்குப் பாரம் வேண்டும், நிற்க வேண்டும், இறங்க வேண்டும், கொஞ்சம் அதிர்ச்சியும் வேண்டும். மென்மையான பயிற்சியை மட்டும் செய்துவிட்டு எலும்பு கெட்டியாகிவிட்டது என்று நம்புவது, கால்சியம் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு அப்படி நம்புவதற்குச் சமம். மெதுவான பயிற்சி விழாமல் காக்கும். விழாவிட்டால் பாதி எலும்பு முறிவு இல்லை. முதியவர்களின் உடற்பயிற்சி ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்து 2019-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, பயிற்சி செய்பவர்களிடம் விழுதல் 23 சதவீதம் குறைகிறது. நின்றபடி நிதானத்தைச் சோதிக்கும் பயிற்சிகளுக்கே அதில் முதல் இடம். மீதிப் பாதிக்குப் பாரம்தான் வழி.

வகுப்பு நடத்தும் ஐயாவிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "நீங்க நர்சம்மா, நீங்களே கடைசி கால் மணி நேரம் சொல்லிக் குடுங்க" என்று பாரத்தை என் தலையிலேயே வைத்துவிட்டார்.

முதல் நாள் எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கச் சொன்னேன். 2022-ல் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. 51 முதல் 75 வயது வரை 1,702 பேரைச் சோதித்தார்கள். பத்து நொடி நிற்க முடியாதவர்களுக்கு, அடுத்த ஏழு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது. நிற்கப் பழகிவிட்டால் எமன் திரும்பிப் போய்விடுவான் என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே என்னென்னவோ தளர்ந்திருப்பதைக் கால் முதலில் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். இதை விளக்காமல் எண்ணை மட்டும் சொன்னதில் அரிசி ஆலைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஐந்தாவது நொடியில் கால் ஊன்றிவிட்டவர் அவர். பிறகு தனியாக உட்காரவைத்துச் சமாதானம் சொன்னேன்.

குனிந்து காலைத் தொடும் போட்டி ஒன்று வகுப்பில் தானாகவே நடந்துகொண்டிருந்தது. வாத்தியார் ஒருவர் இந்த வயதிலும் கட்டை விரலைத் தொடுவார், மற்றவர்கள் ஏங்குவார்கள். அதை எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு நான் தடுத்துவிட்டேன். மேயோ கிளினிக்கில் 1984-லேயே பார்த்திருக்கிறார்கள். எலும்பு மெலிந்த பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிதாக நசுங்கல் வந்தது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. சின்ன ஆய்வுதான், 59 பேர். இருந்தாலும் அதன் பிறகு வந்த மருத்துவர்கள் அந்த எச்சரிக்கையை விடவில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் கழித்தல் 2.5-க்குக் கீழே போனவர்கள் குனிவதையும் முதுகை வேகமாக முறுக்குவதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்குவது அவர்களுக்கு நல்லது. கீழே விழுந்த பொருளை எடுக்கும்போதும் முட்டியை மடக்கி உடம்பு முழுவதையும் இறக்க வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கிய நம் பெண்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை, கேஸ் அடுப்பும் மேடையும் வந்த பிறகு மறந்ததுதான்.

மற்றபடி நாங்கள் செய்வது சொற்பம். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து, உட்காரும்போது ஐந்து எண்ணி இறங்குவது. சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி, தொப்பென்று விடுவது. இந்த இடத்தில் மட்டும் தொப்பென்று விடலாம், அந்தச் சின்ன அதிர்ச்சி எலும்புக்குப் போய்ச் சேரட்டும் என்பதற்காக. டி ஸ்கோர் மோசமானவர்களுக்கு அதையும் நிறுத்திவைத்திருக்கிறேன். இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு கூடத்தின் நீளத்துக்கு நடப்பது. பிறகு படி இறங்குவது.

படி இறங்க வேண்டும் என்றதும் கண்டக்டர் சிரித்தார். "ஏம்மா, படி எறங்கறதுக்கெல்லாமா க்ளாஸு? சர்வீஸ் பூரா ஃபுட்போர்டுலதான் நின்னேன்." இறங்கிக் காட்டச் சொன்னேன். ஃபுட்போர்டில் பழகிய கால், ஒவ்வொரு படியிலும் உடம்பை அப்படியே விட்டு, குதித்து நின்றது. "வண்டி நிக்கறதுக்குள்ள எறங்கற பழக்கம்" என்று அவரே ஒப்புக்கொண்டார். விரல் முதலில், பிறகு குதிகால், பின்னங்கால் விடக் கூடாது, கைப்பிடி பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் தொங்கக் கூடாது, பேசக் கூடாது. ஆயா சொன்னதற்கு மேல் நான் சொன்னது கைப்பிடி ஒன்றுதான். கண்டக்டருக்குப் பேசாமல் இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு படிக்கு ஒரு முறை "ரைட்" என்று வாய் தானாகச் சொல்லும்.

நடுவில் ஒரு முறை வெள்ளிமலைக்குப் போய், பழைய துணை சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கும் செவிலியரிடம் இந்தக் கால் மணி நேரப் பாடத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெண்கள் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பெஞ்சில் எழுந்து உட்கார வைக்கலாமே என்பது என் யோசனை. அவர் சிரித்துக்கொண்டே, பெஞ்சுக்கு முதலில் கால் போட்டுத் தர வேண்டும் என்றார். ஆடிக்கொண்டிருக்கும் பெஞ்சில் அந்தப் பயிற்சி வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டு வந்தேன். இப்போது பெஞ்சு சரியாகிவிட்டது என்று போனில் சொன்னார்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பிரச்சினை படிக்கட்டு. வகுப்பு நடக்கும் மண்டபத்துக்காரர், காலையில் பால்காரரும் சமையல்காரர்களும் ஏறி இறங்க வழியில்லாமல் பெரியவர்கள் எல்லாம் மௌன விரதம் மாதிரி படியில் நிற்கிறார்கள் என்று ஐயாவிடம் புகார் சொன்னார். ஐயா என்னைப் பார்த்தார். சுவரோரமாக ஒற்றை வரிசை, ஏறுவதற்குப் பின்பக்கப் படி, இறங்குவதற்கு முன்பக்கப் படி என்று மாற்றியிருக்கிறோம். பால்காரர் எங்களைத் தாண்டி ஏறும்போது ஒவ்வொருவரிடமும் நலம் விசாரிக்கிறார், யாரும் பதில் சொல்வதில்லை. அவருக்கு அது இன்னும் பழகவில்லை.